கெசியா வாசித்த இரண்டாம் பாடம்

சத்தம்தான் முதலில் கேட்டது. பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஓங்கரிக்கிற சத்தம். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் ஓங்கரித்தால் வறண்டு கேட்கும் இல்லையா, அந்த மாதிரி. பூனைதான் உள்ளே புகுந்து எதையோ தின்றுவிட்டது என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். திறந்து பார்த்தால் கெசியா. யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, ரிப்பன், அடையாள அட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு தரையில் மண்டி போட்டுக் கிடக்கிறாள். என் கையில் விளக்குமாறு. அடிக்கத்தான் வந்துவிட்டேன் என்று நினைத்து அந்த நிலையிலும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்படி உட்காருங்க தங்கச்சி. அந்தப் படியில் வேண்டாம், ஈரம். ஸ்டூலை இழுத்துப் போடுங்க. நான் இந்த நெத்திலியை ஆய்ந்துகொண்டே பேசுகிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வெயில் ஏறினால் குழைந்துவிடும். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இந்த வாடை ஒத்துக்காது, தெரியும். மூக்கைப் பொத்தணும்னா பொத்திக்கோங்க, நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். எங்க வீட்டுக்காரர் துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து உள்ளே தூங்குகிறார்.

ஐயரம்மா சொல்லித்தானே வந்தீங்க? போதகரை ஐயர், அவர் சம்சாரத்தை ஐயரம்மா. தூத்துக்குடிப் பக்கம் நாங்க அப்படித்தான் சொல்லுவோம். "பியூலாகிட்டப் போய்க் கேளு, அவதான் பிள்ளையப் பள்ளிக்கூடத்துலருந்து நிப்பாட்டி வீட்டுல வச்சுப் படிப்பிக்கா" என்று சொல்லியிருப்பாங்க. சொல்லும்போது சிரித்தாங்களா? சும்மா கேட்கிறேன். சிரித்திருப்பாங்க.

உங்க மகன் காலையில் பள்ளிக்கூடம் என்றால் கத்துகிறான், நிப்பாட்டிவிடலாமா என்று யோசிக்கிறீங்க. நிப்பாட்டுங்க. நான் சொல்கிறேன், நிப்பாட்டுங்க. ஆனால் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு நிப்பாட்டுங்க. இன்னொன்று, எனக்கு ஒரு உதவி. இன்றைக்கு மத்தியானத்துக்குள் எங்க ஃப்ளோரா மதினி வருவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அக்கா. பாளையங்கோட்டையில் டீச்சர். கெசியாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்து, தன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறாங்களாம். எங்க வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். என் பிள்ளையை என் வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், நான் மீன் ஆய்ந்துகொண்டு இருக்கிறேன். மதினி வரும்போது நீங்களும் இருங்க. "நானும் என் பிள்ளையை நிப்பாட்டப்போறேன், பியூலா அக்காவைப் பார்த்துத்தான்" என்று ஒரு வார்த்தை. படித்த பெண், வெளியூர்ப் பெண் சொன்னால் எடுபடும். அவ்வளவுதான் நான் கேட்பது.

சரி. எங்கே விட்டேன். ஓங்கரிப்பு.

அன்றைக்கு ஒரு நாள் என்றால் வயிறு சரியில்லை என்று விட்டுவிடலாம். மறுநாளும். அதற்கு மறுநாளும். சனி, ஞாயிறு ஒன்றும் கிடையாது, சிரித்துக்கொண்டு திரிவாள். திங்கட்கிழமை தலையை வாரி ரிப்பனைக் கட்டி முடிப்பேன், பாத்ரூமுக்கு ஓடுவாள். மூன்றாம் வகுப்பு அப்போது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த மிஸ், சின்னப் பெண்தான், உதட்டில் சாயம், என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே சொல்கிறாள்: "வாசிக்கச் சொன்னா வாயே தெறக்க மாட்டேங்குறா ஆன்ட்டி. எழுந்து நின்னு ஃப்ளோரையே பாக்குறா. மத்த பிள்ளைங்க சிரிக்குது. நான் என்ன பண்ண?" மற்ற பிள்ளைகள் சிரிக்கிறதாம், இவள் என்ன பண்ணுவாளாம். பார்த்தீங்களா. சிரிக்க விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறவள் டீச்சர். பிள்ளைகள் இவளுக்குப் பட்டப்பெயர் வேறு வைத்திருந்தார்கள். அதை என் வாயால் சொல்ல மாட்டேன், இங்கே இருக்கிற மீன் நாற்றமே போதும். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசல், அந்த மணி, அந்த ஃபினாயில் வாடை எல்லாமே குமட்டியது. பிள்ளைக்குக் குமட்டாமல் என்ன செய்யும்?

நான் வேதம் வாசிக்கிற பெண்தான், சின்ன வயதில் இருந்து. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, எல்லாம். ஆனால் உங்களிடம் ஒன்று சொல்கிறேன். திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் என் தலையில் கை வைத்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மற்றப் பெண்கள் அழுதார்கள், நானும் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் ஜெபம் பண்ணினார்கள், ஒன்றும் தோன்றவில்லை. எல்லாரும் ஆண்டவர் என்னோடு பேசினார், பேசினார் என்பார்கள். என்னோடு பேசவில்லையே என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு நாள் காலையில் அந்தப் பாத்ரூம் தரையை, அவள் எடுத்த வாந்தியை, நான் மண்டி போட்டுத் துடைத்துக்கொண்டு இருக்கிறேன். மஞ்சளாக, பித்தம். அருவருப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பெற்றவளுக்கு அருவருப்பு இருக்காது என்று சொல்கிறவர்கள் துடைத்தவர்கள் இல்லை. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வழுக்கியது, பிடிக்க ஒன்றும் இல்லாமல் என் தலையில் கையை ஊன்றினாள். ஈரக் கை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். "ஸாரிம்மா" என்றாள். எனக்கு அப்போது தோன்றியது, தங்கச்சி. என்ன தோன்றியது என்று சொல்ல வராது. இந்தத் தரைதான், இந்தப் பிள்ளைதான், இதற்குத்தான் ஆண்டவர் என்னை வைத்திருக்கிறார் என்று உச்சந்தலையில் இருந்து இறங்கியது. பேராயர் கையில் வராதது அந்தக் கையில் வந்தது. அன்றைக்கே ரிப்பனை அவிழ்த்துவிட்டேன். "இனிமே பள்ளிக்கூடம் கிடையாது, போ, பல்ல வெளக்கிட்டு வா, தோச தின்போம்" என்றேன். அவள் நான்கு தோசை தின்றாள்.

அதை யார் பொய் என்று சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.

வீட்டுக்காரர் பேசுகிற ஆள் இல்லை. "உனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாமல் என்ன? பிளஸ் டூ வரை படித்தவள் நான். கணக்கை மீனில் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தட்டில் இத்தனை, இன்னொரு தட்டில் இத்தனை, பூனைக்கு இத்தனை. டக்கு டக்கென்று சொல்லுவாள். சமையல், தையல், செடி, கடல், எந்தக் கப்பல் எங்கேயிருந்து வருகிறது, எல்லாம். அறிவான பிள்ளை. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும்.

வாசிப்புக்கு வேதம். வேறு புத்தகம் எதற்கு? தினமும் காலையில் நானும் அவளும் பாயில் உட்காருவோம், மடியில் வேதம். நான் விரல் வைத்து ஒரு வரி வாசிப்பேன், அவள் என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து அதே வரியை வாசிப்பாள். நான் முதலில், அவள் பின்னால். அதுதான் எங்க முறை. திணறல், திக்கல் ஒன்றும் கிடையாது, தண்ணீர் போவது மாதிரி வாசிப்பாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை! அந்த மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டணும் போல இருந்தது. நீளமான சங்கீதங்கள், பெரியவர்களே பாதியில் விட்டுவிடுகிற நீளம், ஒரு வாரத்தில் வாசித்துவிடுவாள். பிறகு புத்தகத்தை மூடினாலும் சொல்லுவாள்.

இடையில் ஒரு தடவை, "எழுத்தெல்லாம் ஓடுதும்மா, ஒரே இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றாள். பயந்துவிட்டேன். கண்ணில் ஏதோ கோளாறு. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். போகிற வழியெல்லாம் ஜெபம். டாக்டர் மருந்து விட்டுப் பார்த்து, லைட் அடித்துப் பார்த்து, "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா, கண்ணாடிகூட வேண்டாம்" என்றார். எவ்வளவு பெரிய காரியம்! ஓடின எழுத்து நின்றுவிட்டது! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் எழுந்து, ஆண்டவர் பிள்ளைக்குச் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதற்குப் பிறகு கெசியா எழுத்து ஓடுகிறது என்று சொன்னதே இல்லை. சாட்சிக்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பார்த்துக்கோங்க.

அந்தச் சாட்சிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம், இப்போது யோசித்தால். ஐயரம்மா வீட்டுக்கு வந்தாங்க. "ஏளா பியூலா, பிள்ள சங்கீதம் சொல்லுதாளாமே, எங்க, சொல்லச் சொல்லு." சொன்னாள். ஐயரம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உடனே தாய்மார் ஐக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு மேலே ஏற்றிவிட்டார்கள். அடுத்து மற்றச் சபை, அடுத்து பல சபைகள் சேர்ந்த சேகரக் கூட்டம். தங்கச்சி, அந்தப் பெண்களை நீங்க பார்க்கணும். பிள்ளை சங்கீதம் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு "ஆமென், ஆமென்" என்று உருகுவார்கள், முடிந்ததும் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, "உன் மருமக இன்னும் முழுகாம இல்லையோ?" என்று பக்கத்தில் இருக்கிறவளைக் குத்துவார்கள். அந்தக் கேசரி நெய் வழிகிற விரலாலேயே என் பிள்ளையின் கன்னத்தைத் தடவுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். இவர்களுக்கு வேதமும் ஒரு பலகாரம்.

ஒரு வாட்ஸப் குழு வேறு. வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற கிறிஸ்தவத் தாய்மார்களாம். சென்னை, பெங்களூர், எங்கெங்கேயோ இருக்கிறவர்கள். காலையில் எழுந்ததும் படம் போடுவார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, பூச்சாடி, மரத்தில் செய்த எழுத்துகள், வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை, ஜன்னலில் வெளிச்சம். கீழே "தேவனுக்கே மகிமை". ஒரு வீட்டிலும் வாந்தி கிடையாது, பேன் கிடையாது, பாயில் மூத்திரம் கிடையாது. அம்மா என்பவள் குளித்து முழுகி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள். இதற்குப் பெயர் அழைப்பாம். எனக்கு அழைப்பு வந்த இடம் எது என்று அவர்களிடம் சொன்னால் குழுவை விட்டே எடுத்துவிடுவார்கள். சீ என்று இருந்தது. நான் ஒரே ஒரு தடவைதான் படம் போட்டேன். அதுவும் கெசியா வேதம் வாசிக்கிற வீடியோ, மேசைக்குப் போர்வை விரித்து எடுத்தது, பூச்சாடி பக்கத்து வீட்டில் வாங்கியது. நிறையப் பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள். பெருமைக்காகப் போடவில்லை. மற்றவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கட்டும் என்றுதான்.

பெருமை என்பது எனக்குப் பிடிக்காது. கூப்பிட்டார்கள், போனோம். பச்சைப் பட்டுப் பாவாடை தைத்தேன், அதுவும் என் கல்யாணச் சேலையில் இருந்து.

பிறகு சிறுவர் ஞாயிறு வந்தது. அன்றைக்கு ஆராதனையைப் பிள்ளைகளே நடத்துவார்கள், தெரியும் அல்லவா. காணிக்கை எடுப்பது, பாட்டுச் சொல்வது, பாடம் வாசிப்பது எல்லாம் பிள்ளைகள். பழைய ஏற்பாட்டில் இருந்து முதலாம் பாடம், புதிய ஏற்பாட்டில் இருந்து இரண்டாம் பாடம். முதலாம் பாடம் கெசியாவுக்கு. கோயிலில் தூங்குகிற சின்னப் பையனை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பகுதி. இரண்டாம் பாடம் டீனா என்று ஒரு பெண்ணுக்கு.

நாங்கள் நன்றாகத் தயார் பண்ணினோம். எந்த இடத்தில் நிறுத்தணும், எந்த இடத்தில் குரலை இறக்கணும், எந்த வார்த்தை வரும்போது தாளைப் புரட்டணும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வாசிப்பது என்றால் அதற்கு ஒரு மரியாதை வேண்டும் அல்லவா. மதினியும் அன்றைக்கு ஊரில் இருந்து வந்திருந்தாங்க. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாங்க.

முதலாம் பாடத்தை எப்படி வாசித்தாள் என்கிறீங்க! அந்தப் பையனை ஆண்டவர் கூப்பிடுகிற இடத்தில் குரலை மெல்ல இறக்கினாள் பாருங்க, கோயிலில் ஃபேன் ஓடுகிற சத்தம்தான். மதினிகூட என் கையைப் பிடித்து அழுத்தினாங்க. முடித்துவிட்டுக் கீழே இறங்கப் போனாள். அப்போதுதான் அந்த உபதேசியார், ஐயருக்கு உதவியாக இருக்கிறவர், பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. டீனாவுக்குப் பொன்னுக்குவீங்கி. கன்னம் வீங்கி வீட்டில் கிடக்கிறாள். "நீதான் நல்லா வாசிக்கியே மக்கா, ரெண்டாம் பாடத்தையும் நீயே வாசிச்சிரு" என்றாராம். சொல்லிவிட்டுப் பெரிய வேதத்தைப் புரட்டி இடத்தைக் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? தாய் என்று ஒருத்தி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிற பகுதி. ஐயர் அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்லி அறிவித்தார். எங்க சபையில் ஒரு வழக்கம், எல்லாரும் வீட்டில் இருந்து வேதம் கொண்டுவருவோம், பாடம் வாசிக்கும்போது அவரவர் மடியில் விரித்து விரல் வைத்துக்கொண்டே வருவோம். கெசியா அந்தப் பெரிய புத்தகத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் "வாசி" என்று தலையை ஆட்டினேன். திரும்பக் குனிந்தாள். பிறகு ஆரம்பித்தாள். அழகாக, நிறுத்தி நிறுத்தி. ஐந்து அப்பமும் இரண்டு மீனும்.

ஆடு இல்லை, தங்கச்சி. அப்பமும் மீனும்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் தாங்கள்தான் தப்பாகத் திறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் புரட்டினார், அடுத்தவர் புரட்டினார், பிறகு கோயில் முழுக்கத் தாள் புரட்டுகிற சத்தம். சுளகில் அரிசி புடைப்பது மாதிரி. பின் வரிசையில் காது மந்தமான ஒரு தாத்தா, "எந்த அதிகாரம்லே? ஆட்டக் காங்கலயே?" என்று சத்தமாகக் கேட்கிறார். வாலிபப் பையன்கள் சிரித்தார்கள். கெசியா நிறுத்தவில்லை. எல்லாருக்கும் அப்பம் கிடைத்து, மீந்ததைக் கூடைகளில் எடுக்கிற வரைக்கும் போனாள். நடுவில் ஒரு தடவை தாளைப் புரட்டினாள். "இத்துடன் இரண்டாம் பாடம் முடிகிறது" என்று சொல்லிக் கையைக் கூப்பிவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் நனைந்து போயிருந்தது.

ஒரு வார்த்தை தப்பு இல்லை, அதை நீங்க கவனிக்கணும். அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை தப்பவில்லை.

வாசலில் ஐயரம்மா என்னை நிப்பாட்டினாங்க. சிரிப்பு இல்லை. "என்ன பியூலா இது? பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாதாம்லா? மனப்பாடம் பண்ணவச்சு சபைய ஏமாத்திருக்கியே. ஆண்டவரோட பீடத்துல வச்சா இந்த வேல?" சுற்றிலும் பெண்கள். அதே பெண்கள், அதே கேசரி விரல்கள். "நாங்கூட நெனச்சேன்" என்கிறாள் ஒருத்தி. "வயசுக்கு மிஞ்சின வாசிப்பு, அப்பவே சந்தேகம்தான்" என்கிறாள் இன்னொருத்தி. ஒன்பது வயதுப் பிள்ளை கள்ளியாம். நான் பெரிய கள்ளியாம். நாற்காலியில் ஏற்றினது யார்? நான் ஏற்றினேனா? கன்னத்தைத் தடவினது யார்? காறித் துப்பணும் போல இருந்தது தங்கச்சி, கோயில் வாசல் என்று விழுங்கிக்கொண்டேன். அன்றையில் இருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை. இங்கேயே பாயில் உட்கார்ந்து ஜெபிக்கிறோம், நானும் அவளும். அங்கே இருப்பதைவிட இங்கேதான் ஆண்டவர் இருக்கிறார்.

மதினி வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு கெசியாவைத் தின்பண்ட டப்பா பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தாங்க.

"இதுல என்ன போட்டிருக்குட்டி?"

"மிக்சர்."

"எங்க போட்டிருக்கு, தொட்டுக் காட்டு."

பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டினாள். அதில் பட்டாணி, கடலை எல்லாம் படம் போட்டிருந்தது. அது மிக்சர்தானே? படத்தைக் காட்டினால் தப்பா? மதினி எழுத்தில் விரல் வைத்து, "இது என்ன?" என்று கேட்டாங்க. கெசியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அன்றைக்குத்தான் மறுபடியும்.

"பாத்தீங்களா, பயமுறுத்திட்டீங்க" என்றேன் நான்.

மதினி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஏளா, அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியல. மூளை இல்லாம இல்ல, மூளைய வச்சுத்தான் இவ்வளவு நாளாச் சமாளிச்சிருக்கா. சில பிள்ளைகளுக்கு எழுத்து பிடிபடாது. எங்க பள்ளிக்கூடத்துக்கு இதுக்குன்னே ஒரு டீச்சர் வாராவ. மணல்ல எழுதி, தடவிப் பாத்து, வேற மாதிரி சொல்லிக்குடுப்பாவ. கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்" என்றாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் நாள் தவறாமல் மடியில் வைத்து வாசித்தது எதற்காம், மணலில் எழுதவா? மதினிக்குப் பிள்ளை கிடையாது. அதுதான் விஷயம். நான் வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் வாசிக்கிறாள். என்னிடம் மட்டும்தான் வாசிக்கிறாள். பிள்ளைக்கு அன்பு இருக்கிற இடத்தில்தான் நாக்கு எழும்பும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்க வீட்டுக்காரருக்கு மண்டையில் ஏறவில்லை.

என்ன? வாசிக்கிறதை நீங்க கேட்கணுமா?

கேளுங்களேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கிறது? நீங்களே கேட்டுவிட்டு மதினியிடம் சொல்லுங்க, அது இன்னும் நல்லது. கெசியா! ஏட்டி, இங்க வா. அப்பா தூங்குதாவ, மெல்ல வா. ஆன்ட்டிக்குத் தோத்திரம் சொல்லு. வேதத்த எடுத்துட்டு வா.

நீங்களே வாங்கித் திறங்க தங்கச்சி. எனக்கு மீன் கை. தொடக்கூடாது. எந்த இடம் வேணும்னாலும் திறங்க, அவளுக்கு எல்லா இடமும் ஒன்றுதான். ம், அங்கேயே வைங்க. கெசியா, ஆன்ட்டி பக்கத்தில் உட்காரு. வாசி.

வாசிட்டி.

"நீங்க மொதல்ல சொல்லுங்கம்மா."

கையைப் பாரு, எல்லாம் செதில். விரல் எப்படி வைக்க? நீயே வாசி, ஆன்ட்டி கேக்காங்க.

"வெரல் வேண்டாம்மா. சும்மா சொன்னாப் போதும்."

ஆன்ட்டில்லா திறந்தாங்க? அது எந்த இடம்னு எனக்கு எப்படித் தெரியும், இங்க உக்காந்துக்கிட்டு?

"அப்போ எனக்கும் தெரியாதும்மா."

நீங்க அந்தப் புத்தகத்தை மூடுங்க தங்கச்சி. மூடிவிடுங்க. வெயிலில் தாள் பழுப்பேறும்.

என்னட்டி, எதுக்குக் கண்ணத் தொடைக்க? ஒண்ணும் தப்புச் செய்யல நீ. யாரும் உன்னக் கள்ளின்னு சொல்ல மாட்டாவ. இங்க வா. கிட்ட வா. தொட மாட்டேன், மீனு. இங்க பாரு. இப்பமும் ஓடுதா? எழுத்து?

"ம்."

அன்னைக்கு நான் கோயில்ல சாட்சி சொன்னம்லா, அப்பவும் ஓடிச்சா?

"ம்."

சரி. சரிட்டி. உள்ள போய் உன் துணியெல்லாம் எடுத்துக் கட்டில்ல வையி. நான் வந்து பையில அடுக்குதேன். பிரஷ்ஷ மறந்துராத.

"அத்த அடிப்பாவளா?"

அடிக்க மாட்டாவ. அவிய யாரையும் அடிச்சது இல்ல.

"நீங்களும் வாரியளா?"

இன்னைக்கு வாரேன், ஒன்னக் கொண்டு விட்டுட்டு வாரேன். அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை வாரேன். போ. அப்பாவ எழுப்பிராத.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? நான் ஒன்றும் தோற்றுப்போகவில்லை. அந்த ஐயரம்மா சொன்னது சரி என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் இடமாற்றம் வேண்டும், அவ்வளவுதான். பாளையங்கோட்டை என்ன, அடுத்த நாடா? பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த மணல் டீச்சர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாங்க என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும். பார்த்தால் எனக்கும் வரும். வராதா? பாத்ரூம் தரையில் கிடைத்தது எனக்குக் கிடைத்ததுதான், அதை மதினி கொண்டுபோக முடியாது.

இல்லை, நீங்க இருக்கணும் என்று அவசியம் இல்லை. அந்த வார்த்தையும் சொல்ல வேண்டாம். உங்க மகனை நிப்பாட்டுகிறதைப் பற்றி உங்க இஷ்டம். ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் அவனிடம் ஒரு முறுக்குப் பாக்கெட்டைக் கொடுங்க. பெயரை வாசிக்கச் சொல்லுங்க. நீங்க முதலில் சொல்லிவிடாதீங்க.

போகும்போது அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் போங்க தங்கச்சி, என் கை அழுக்கு. ஆமா, அது போதும். மதினிக்கு நெத்திலியை மாங்காய் போட்டு வைத்தால் பிடிக்கும். இன்னும் பாதிக் கிடக்கிறது, தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, அலசி வைக்கணும்.